சபை வரி திடீரென்று கூடிவிட்டதா? தெருவாகச் சேர்ந்து ஆட்சேபம் எழுதும் முறை

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று நமது மலை நகரங்களில் சொந்தமாக ஒரு வீடோ கடையோ வைத்திருப்பவர்களுக்கு, அந்தச் சொத்துக்காக (ஆதனத்துக்காக) உள்ளூராட்சி சபை அறவிடும் ஆதன வரி நோட்டீஸ் புதிதல்ல. மறுமதிப்பீடு நடந்த வருடத்தில்தான் அது ஆளைத் தூக்கிவாரிப் போடும். பழைய தொகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவ்வளவு ஏறியிருக்காது. சிலர் புலம்பிக்கொண்டே கட்டிவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் நட்டம் நமக்குத்தான். ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதை ஒரு தெருவே சேர்ந்து ஒழுங்காகச் செய்தால் சபை காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். முதல் தடவையாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. நோட்டீஸில் எந்த எண்ணைப் பார்ப்பது

எல்லோருடைய கண்ணும் கடைசியில் இருக்கும் கட்டவேண்டிய தொகைக்குத்தான் போகும். அதற்கு முன்னால் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று வருடாந்தப் பெறுமதி. மற்றது வரி வீதம். இரண்டையும் பெருக்கினால் வரி. ஒரு உதாரணம்: வருடாந்தப் பெறுமதி 24,000 ரூபாய், வீதம் நூற்றுக்கு 8 என்றால் வருடத்துக்கு வரி 1,920 ரூபாய், காலாண்டுக்கு 480 ரூபாய்.

இந்த இரண்டையும் தீர்மானிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். வருடாந்தப் பெறுமதியைக் கணிப்பது மதிப்பீட்டாளர்கள்; பெரும்பாலும் அரசாங்கத்தின் விலை மதிப்பீட்டுத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள். வீதத்தைத் தீர்மானிப்பது நாம் வாக்குப் போட்டு அனுப்பிய சபை. நோட்டீஸுக்கு எழுதும் ஆட்சேபம் முதலாவதைப் பற்றியது மட்டுமே. வீதம் கூடிவிட்டது என்று அதில் எழுதினால் பதில் கிடைக்காது. அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

வருடாந்தப் பெறுமதி என்பது வீட்டின் விற்பனை விலை இல்லை. அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு வாடகை எதிர்பார்க்கலாம் என்ற கணக்குத்தான் அது. நீங்களே குடியிருந்தாலும் கணக்கு இதுதான்.  ஆகவே உங்கள் வாதம் முழுவதும் வாடகையைச் சுற்றியே இருக்க வேண்டும். "இந்த இடத்துக்கு இந்த வாடகையை யாரும் தரமாட்டார்கள்" என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. கடைசித் திகதியைக் குறித்து வையுங்கள்

ஆட்சேபம் ஏற்கும் கடைசித் திகதி நோட்டீஸிலேயே இருக்கும். அதைக் கலண்டரில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். திகதி தவறினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எடுபடாது. நோட்டீஸ் வந்த கவரையும் எறிய வேண்டாம். தபால் முத்திரையில் உள்ள திகதி பிறகு உதவும்.

நோட்டீஸ் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. கவுண்டரில் யாராவது முகம் சுளித்தாலும் தயங்க வேண்டாம். நமக்குப் புரியாத தாளை வைத்து நம்மிடம் வரி வாங்குவது நியாயமே இல்லை.

3. தெருவைக் கூட்டுங்கள்

தனியாகப் போனால் "உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஒரே தெருவில் இருந்து பத்துப் பதினைந்து பேர் ஆதாரத்தோடு வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டின் மதிப்பீடு கூடுதலா என்று தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டு மதிப்பீடு வேண்டும். அந்தத் தாள் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

புதிதாகச் சங்கம் பதிய வேண்டியதில்லை. ஏற்கனவே இருக்கும் வர்த்தகர் சங்கமோ மரண உதவிச் சங்கமோ போதும். கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடலாம். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் கலந்து வாழும் தெருவென்றால் எல்லோரையும் கட்டாயம் அழையுங்கள். வரி எல்லோருக்கும் ஒன்றுதான். வாடகைக்கு இருப்பவர்களும் வரட்டும். உண்மையான வாடகை எவ்வளவு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

முதல் கூட்டத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எல்லோரும் ஒப்பம் வைத்த ஒரே மகஜர் போதாது. மதிப்பீடு ஒவ்வொரு ஆதனத்துக்கும் தனித்தனி. ஆட்சேபமும் ஒவ்வொரு மதிப்பீட்டு இலக்கத்துக்கும் (சபை ஒவ்வொரு ஆதனத்துக்கும் கொடுத்திருக்கும் எண்) தனித்தனியாகப் போக வேண்டும். சேர்ந்து செய்வது தகவல் திரட்டுவதும், கடிதம் எழுத உதவுவதும், விசாரணைக்குத் துணையாகப் போவதும்தான்.

4. ஒப்பீட்டு அட்டவணை

இதற்குத்தான் அதிக நேரம் செலவாகும். செலவழியுங்கள். ஆட்சேபத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து நிரல் போடுங்கள்: மதிப்பீட்டு இலக்கம், வீடா கடையா, சதுர அடி, எத்தனை மாடி, பாதையில் இருந்து எவ்வளவு தூரம், பழைய வருடாந்தப் பெறுமதி, புதிய வருடாந்தப் பெறுமதி. பிறகு புதிய பெறுமதியைச் சதுர அடியால் வகுங்கள். 900 சதுர அடி வீட்டுக்கு 27,000 என்றால் சதுர அடிக்கு 30 ரூபாய். பக்கத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 45,000 என்றால் 45 ரூபாய். இரண்டும் ஒரே மாதிரி வீடுகள் என்றால் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்க உங்களிடம் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது.

நோட்டீஸ் தராதவர்களின் விவரத்துக்கு சபையின் மதிப்பீட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின்படி அது பொதுமக்கள் பார்வையிடக்கூடிய புத்தகம். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். தெருவில் உள்ள ஆதனங்களின் வருடாந்தப் பெறுமதி, மதிப்பீடு செய்த திகதி, கடந்த மூன்று வருட வரி வீதம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்சேபத் திகதி அதற்குக் காத்திருக்காது. ஆகவே இந்த விண்ணப்பம் முதல் கூட்டம் நடந்த மறுநாளே போகட்டும்.

மலைக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டும். நமது சரிவுகளில் பாதையில் நின்று பார்த்தால் ஒரு மாடியாகத் தெரியும் வீடு, பள்ளத்துப் பக்கம் போய்ப் பார்த்தால் மூன்று மாடியாக இருக்கும். பாதைக்குக் கீழே இருக்கும் அறைகளின் பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டியிருக்கும். ஜன்னல் வைக்க முடியாது. ஜூன், ஜூலை மழையில் சுவரில் கைவைத்தால் ஈரம் ஒட்டும், பூச்சு உரிந்து கொட்டும். அந்த அறையையும் பாதையைப் பார்த்த முன்னறையையும் ஒரே கணக்கில் சதுர அடி போட்டிருந்தால் அது பெரிய பிழை. வாடகைக்குக் கேட்டு வருபவர் இரண்டுக்கும் ஒரே விலை தரமாட்டார். அதே போல் பிரதான பாதையில் இருக்கும் வீட்டையும், படி ஏறி, கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகவேண்டிய வீட்டையும் ஒன்றாக மதிக்க முடியாது. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கடிதம் ஏதும் தந்திருந்தால் அதையும் கோப்பில் வையுங்கள்.

5. உங்கள் வீட்டுக் கோப்பு

நேரடிப் பிழைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இவைதான் சுலபமாகத் திருந்தும். இடித்துவிட்ட கொட்டகை இன்னும் கணக்கில் இருக்கலாம். விறகு வைக்கும் தகரக் கொட்டில் அறையாகப் பதிவாகியிருக்கலாம். மூடிப் பல வருடமான கடை அறை இன்னும் வியாபார இடமாகவே இருக்கலாம். பல சபைகளில் வியாபார வீதம் குடியிருப்பு வீதத்தைவிடக் கூடுதல் என்பதால் இது கையைக் கடிக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்த காணிக்குப் பழைய முழு அளவே தொடர்ந்திருக்கலாம்.

மீற்றர் டேப்பைப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். உறுதி, நில அளவைப் பிளான் இரண்டிலும் போட்டோ கொப்பி எடுங்கள். ஈரச் சுவர், படி, பின்பக்க மண்மேடு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, திகதியோடு அச்செடுங்கள். தெருவில் வாடகைக்கு விட்டிருப்பவர்களின் வாடகை ஒப்பந்தக் கொப்பி ஒன்றிரண்டு கிடைத்தால் அதற்கு ஈடான ஆதாரம் வேறில்லை.

6. கடிதம்

நீளம் வேண்டாம். ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"செயலாளர் அவர்கட்கு. மதிப்பீட்டு இலக்கம் ... கொண்ட எனது ஆதனத்துக்குப் புதிதாகக் குறிக்கப்பட்டுள்ள வருடாந்தப் பெறுமதி ரூபா ... என்பதற்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன். காரணங்கள்: ஒன்று, கட்டடத்தின் சரியான பரப்பு ... சதுர அடி, பிளான் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு, இதில் ... சதுர அடி பாதை மட்டத்துக்குக் கீழே, ஜன்னலற்ற பகுதி; படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. மூன்று, இதே பாதையில் உள்ள ... இலக்க ஆதனங்களுக்குச் சதுர அடிக்கு ரூபா ... மட்டுமே கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே வருடாந்தப் பெறுமதியை ரூபா ... ஆகத் திருத்தி, என்னை நேரில் விசாரித்துத் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மாநகர சபையானால் ஆணையாளருக்கு எழுதுங்கள். நீங்கள் நியாயம் என்று நினைக்கும் தொகையை எண்ணில் போடுங்கள். "குறைத்துத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் எவ்வளவு என்று யாரும் யோசிக்கமாட்டார்கள். தெரு விளக்கு எரியவில்லை, குப்பை லொறி மேலே வருவதில்லை என்பவை உண்மையான குறைகளே. ஆனாலும் அவற்றை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். தனிக் கடிதமாகக் கொடுங்கள்.

நேரில் கொடுத்தால் உங்கள் கொப்பியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். இல்லையென்றால் பதிவுத் தபால்.

7. விசாரணை நாள்

அழைத்தால் கட்டாயம் போங்கள். வயதானவர்களோடு தெருவில் இருந்து ஒருவர் துணைக்குப் போகட்டும். அட்டவணையைக் காட்டி, வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பீட்டாளர் அந்தக் கீழ் அறைக்குள் ஒருமுறை இறங்கினாலே பேச்சு மாறும். முடிவு திருப்தி தராவிட்டால் நீதிமன்றம் போக வழியுண்டு. அதற்குரிய கால அவகாசம் குறுகியது, முடிவுக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

இடைக்காலத்தில் வரியை நிறுத்தாதீர்கள். நிலுவை விழுந்தால், அதை அறவிட சபை எடுக்கும் வாரண்டின் செலவும் சேர்ந்து ஏறும். முழு வருட வரியை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும்; மேலே சொன்ன 1,920 ரூபாய் 1,728 ஆகும். காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் அந்தக் காலாண்டுக்கு 5 வீதம். ஆட்சேபம் நிலுவையில் உள்ளது என்று குறிப்பிட்டே கட்டி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

8. வீதத்துக்கான வழி

வீதம் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தோடு சபையில் பேசப்படும் விஷயம். அங்கேதான் ஒப்பம் வைத்த மகஜர் வேலை செய்யும். மறுமதிப்பீட்டில் எல்லோருடைய பெறுமதியும் ஏறியிருக்கும்போது வீதத்தை அதற்கேற்பக் குறைத்தால் சபைக்கு வருமானம் விழாது. இந்தக் கணக்கை உங்கள் வட்டார உறுப்பினரிடம், எந்தக் கட்சியானாலும், ஒக்டோபர் மாதமே கொண்டுபோய்க் கொடுங்கள். டிசம்பரில் கைதூக்கிய பிறகு பேசிப் பயனில்லை.

நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை போன்ற பிரதேச சபைப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரதேச சபை ஆதன வரி அறவிடுவது விருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடத்தில்தான். உங்கள் காணி அந்த எல்லைக்குள் வருகிறதா என்று வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வந்து, கஷ்டப்பட்டு வாங்கிய சில பேர்ச் காணியில் வீடு கட்டியவர்கள் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் காணி.

குறைப்பு கிடைத்துவிட்டால் அந்தக் கடிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பதிவேட்டில் புதிய தொகை ஏறிவிட்டதா என்று நேரில் பாருங்கள். கூடுதலாகக் கட்டியதை அடுத்த காலாண்டில் கழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஜனவரி நோட்டீஸ் வந்ததும் தெருவில் எல்லோரும் ஒரு தடவை சரிபார்த்து, பழைய எண்ணே திரும்பி வந்திருந்தால் அதே வாரம் சபைக்குப் போங்கள்.