கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடுவது எப்படி? வரிசை தெரிந்தால் குழப்பமில்லை

கரிமச் சேர்மத்தின் பெயர் மனப்பாடம் செய்வதற்காக உண்டானதல்ல. "3-மெத்தில்பென்டேன்" என்று சொன்னால், அந்தச் சேர்மத்தை முன்பின் பார்த்திராதவரும் அதன் அமைப்பைத் தாளில் வரைந்துவிட வேண்டும். அதற்காகத்தான் வேதியியலாளர்கள் 1892-இல் ஜெனீவாவில் கூடி விதிகளை வகுத்தார்கள். 1919-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐ.யு.பி.ஏ.சி. அவற்றை இன்றுவரை செப்பனிட்டு வருகிறது.

விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது எல்லாமே எளிதாகத்தான் தெரியும். ஓர் அமைப்பைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னால்தான் தடுமாற்றம் வரும். எந்த விதியை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் கேட்பது என்ற வரிசை பிடிபட்ட பிறகுதான் எனக்கு இந்தப் பாடம் வசப்பட்டது. அந்த வரிசையை அப்படியே கீழே தருகிறேன். கார்பனின் இணைதிறன் நான்கு என்பதும், ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு என்றால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கையில் என்ன வேண்டும்?

பென்சில், அழிப்பான், இரண்டு வண்ணப் பென்சில்கள் போதும். ஒரு வண்ணம் முதன்மைச் சங்கிலிக்கு, இன்னொன்று கிளைகளுக்கு. பந்து-குச்சி மாதிரிகள் கிடைத்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். சங்கிலியை எப்படி முறுக்கினாலும் சேர்மம் மாறாது என்பதைப் படத்தைவிட விரல்கள் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். கெம்ட்ரா போன்ற மென்பொருளில் அமைப்பை வரைந்தால் அதுவே பெயரைச் சொல்லிவிடும். அதை விடை சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையால் பெயரிடப் பழகாதவருக்கு மென்பொருள் தரும் பெயர் ஏன் அப்படி அமைந்தது என்பது கடைசிவரை புரியாது.

படி 1: வகை பிரியுங்கள்

படத்தைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது: வளையம் இருக்கிறதா? இல்லையென்றால் திறந்த சங்கிலிச் சேர்மம். இருந்தால், வளையத்தில் கார்பன் மட்டுமா, வேறு அணுவும் உண்டா என்று பாருங்கள். நைட்ரஜன் இருக்கும் பிரிடின், ஆக்சிஜன் இருக்கும் ஃபியூரான் போன்றவை பல்லின வளையச் சேர்மங்கள். கார்பன் மட்டுமே உள்ள வளையங்களில் பென்சீன் அரோமேட்டிக் வகை, சைக்ளோஹெக்சேன் அலிசைக்ளிக் வகை.

அடுத்த கேள்வி, நிறைவுற்றதா (கார்பன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டும்), நிறைவுறாததா (இரட்டை அல்லது முப்பிணைப்பு உண்டு)? திறந்த சங்கிலி அல்கேனில் ஹைட்ரஜன் எண்ணிக்கை, கார்பன் எண்ணிக்கையின் இருமடங்கைவிட 2 அதிகம். ஓர் இரட்டைப் பிணைப்புள்ள அல்கீனில் சரியாக இருமடங்கு. ஒரு முப்பிணைப்புள்ள அல்கைனில் இருமடங்கைவிட 2 குறைவு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பி வகை சொல்லிவிடாதீர்கள். 6 கார்பன், 12 ஹைட்ரஜன் என்பது ஹெக்சீனாகவும் இருக்கலாம், சைக்ளோஹெக்சேனாகவும் இருக்கலாம். சோதனைக் குழாயில் புரோமின் நீரின் நிறத்தைப் போக்குவது ஹெக்சீன்தான்.

படி 2: வினைச்செயல் தொகுதியைக் கண்டுபிடியுங்கள்

வினைச்செயல் தொகுதி என்பது சேர்மத்தின் வேதிப் பண்பைத் தீர்மானிக்கும் அணுத்தொகுதி. பெயரின் கடைசிப் பகுதியை முடிவு செய்வது இதுதான். ஆல்கஹால் என்றால் "ஆல்", ஆல்டிஹைடு என்றால் "அல்", கீட்டோன் என்றால் "ஓன்", கார்பாக்சிலிக் அமிலம் என்றால் "ஆயிக் அமிலம்", அமீன் என்றால் "அமீன்". எத்தனால், எத்தனல் இரண்டையும் தமிழில் எழுதும்போது ஒரு கால்தான் வித்தியாசம். முன்னது ஆல்கஹால், பின்னது ஆல்டிஹைடு. விடைத்தாளில் அந்தக் காலைத் தெளிவாகப் போடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் இருந்தால் முன்னுரிமை இப்படி: அமிலம், எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன். முன்னால் நிற்பதே பின்னொட்டாகும். மற்றவை ஹைட்ராக்சி, அமினோ என்று முன்னொட்டாகிவிடும். பாலில் புளிப்பேற்றும் லாக்டிக் அமிலத்தின் பெயர் 2-ஹைட்ராக்சிபுரொப்பனாயிக் அமிலம் என்று ஆவது இதனால்தான். குளோரோ, புரோமோ, நைட்ரோ ஆகியவை எப்போதும் முன்னொட்டுகள் மட்டுமே.

படி 3: முதன்மைச் சங்கிலி

நான்கு கார்பன்களை நேர்கோட்டில் வரைந்து, இரண்டாவது கார்பனின் தலைமேல் இரண்டு கார்பன் கொண்ட ஒரு கிளையை வையுங்கள். "2-எத்தில்பியூட்டேன்" என்று எழுதத் தோன்றும். இப்போது வண்ணப் பென்சிலைக் கிளையின் நுனியில் வைத்துக் கீழே இறங்கி, வலப்பக்கம் திரும்பி எண்ணுங்கள். ஐந்து கார்பன் வரும்! மிக நீளமான இதுதான் முதன்மைச் சங்கிலி. இடப்பக்கம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கார்பன், அதாவது மெத்தில். சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. திறந்த சங்கிலி அல்கேனில் 1-மெத்தில், 2-எத்தில், 3-புரொப்பைல் என்று வரவே முடியாது. வந்தால் சங்கிலியைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அமிலம், ஆல்டிஹைடு, நைட்ரைல் ஆகியவற்றில் தொகுதியில் உள்ள கார்பனையும் சங்கிலியில் சேர்த்தே எண்ண வேண்டும். எத்தனாயிக் அமிலத்தில் "எத்" என்ற இரண்டில் ஒன்று அந்தக் கார்பன்தான்.

படி 4: எண்ணிடுதல். இங்கே நிதானம் தேவை

முதன்மை வினைச்செயல் தொகுதி இருந்தால் அதற்கே சிறிய எண். அது இல்லையென்றால் இரட்டை அல்லது முப்பிணைப்புக்கு. அதுவும் இல்லையென்றால்தான் கிளைகளைப் பார்க்க வேண்டும். ஐந்து கார்பன் சங்கிலியில் ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பும், மறுமுனைக்கு அடுத்த கார்பனில் ஆல்கஹாலுக்குரிய ஹைட்ராக்சில் (OH) தொகுதியும் இருந்தால் பெயர் பென்ட்-4-ஈன்-2-ஆல். இரட்டைப் பிணைப்புக்கு 1 கிடைக்கிறதே என்று அந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கக் கூடாது.

கிளைகளுக்கு எண்ணிடும்போது, "எண்களின் கூட்டுத்தொகை குறைவாக வர வேண்டும்" என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது விதி அல்ல. சிறிய மூலக்கூறுகளில் பெரும்பாலும் சரியான விடையே வந்துவிடுவதால் அது நிலைத்துவிட்டது. உண்மையான விதி முதல் வேறுபாட்டு விதி: இரண்டு பக்கமிருந்தும் எண்ணி, கிடைக்கும் எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். முதன்முதலில் எங்கே வேறுபடுகின்றனவோ, அந்த இடத்தில் சிறிய எண் உள்ள வரிசையே வெல்லும்.

பத்துக் கார்பன் சங்கிலியில் மூன்று மெத்தில் கிளைகள். ஒரு பக்கமிருந்து எண்ணினால் 2, 7, 8. மறுபக்கமிருந்து 3, 4, 9. கூட்டிப் பார்த்தால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகையை நம்புகிறவர் 3,4,9 என்று எழுதுவார். முதல் எண்ணிலேயே 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் வந்துவிட்டது. ஆட்டம் அங்கேயே முடிந்தது. பெயர் 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன்.

படி 5: அகரவரிசை, ஆனால் எந்த அகரவரிசை?

தமிழில் படிப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. முன்னொட்டுகளை அடுக்குவது ஆங்கில எழுத்து வரிசைப்படி. தமிழில் எழுதும்போதும் அதையே பின்பற்ற வேண்டும். தமிழ் வரிசையில் குளோரோ முதலிலும் புரோமோ பின்னாலும் வரும். ஆங்கிலத்தில் புரோமோதான் முதலில். தமிழில் அயோடோ எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அது எத்தில், ஃபுளுவோரோ, ஹைட்ராக்சி ஆகியவற்றுக்கும் பின்னால்தான். டை, டிரை, டெட்ரா ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. டைமெத்திலுக்கு மெத்திலின் இடம்தான்.

இரண்டு பக்கமிருந்து எண்ணியும் ஒரே எண்கள் வந்தால் மட்டும் அகரவரிசை எண்ணிடுதலில் தலையிடும். மூன்று கார்பன் சங்கிலியின் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் புரோமின் என்றால் 1-புரோமோ-3-குளோரோபுரொப்பேன். மற்ற நேரங்களில் எண்களை முடிவுசெய்த பிறகே அடுக்குவதைப் பற்றி யோசியுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று

ஐந்து கார்பன் சங்கிலி. இடமிருந்து இரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில், ஒரு மெத்தில். நான்காவது கார்பனில் ஆக்சிஜனுடன் இரட்டைப் பிணைப்பு. கீட்டோனுக்கு முன்னுரிமை, ஆகவே பின்னொட்டு "ஓன்". அதற்குச் சிறிய எண் வர வேண்டுமானால் வலப்பக்கமிருந்து எண்ண வேண்டும்: கீட்டோனுக்கு 2, ஹைட்ராக்சிக்கும் மெத்திலுக்கும் 4. ஆங்கில வரிசையில் ஹைட்ராக்சி முதலில். பெயர் 4-ஹைட்ராக்சி-4-மெத்தில்பென்டன்-2-ஓன். இப்போது படத்தை மூடிவிட்டு, பெயரை மட்டும் வைத்து மறுபடி வரையுங்கள். அதே அமைப்பு வந்தால் பெயர் வேலை செய்கிறது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*எஸ்டரில் எதை முதலில் சொல்வது?* ஒற்றைப் பிணைப்புள்ள ஆக்சிஜனுக்கு அப்பால் இருக்கும் துண்டை முதலில் சொல்லுங்கள். மெத்தில் எத்தனோயேட், எத்தில் மெத்தனோயேட் இரண்டிலும் 3 கார்பன், 6 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். துண்டை மாற்றிச் சொன்னால் வேறொரு சேர்மத்தின் பெயராகிவிடும்.

*அசிட்டிக் அமிலம் என்று எழுதினால் தவறா?* இல்லை. அந்தப் பெயரை ஐ.யு.பி.ஏ.சி.யே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கேள்வி முறையான பெயரைக் கேட்டால் எத்தனாயிக் அமிலம் என்று எழுதுங்கள்.

*இரட்டைப் பிணைப்புள்ள சங்கிலி குட்டையாக இருந்தால்?* பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பை உள்ளடக்கிய சங்கிலியையே எடுக்கச் சொல்கின்றன. ஐ.யு.பி.ஏ.சி.யின் 2013-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளோ நீளத்துக்கு முதலிடம் தருகின்றன. ஆகவே பழைய முறையில் 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்று எழுதும் அதே சேர்மம் புதிய முறையில் 3-மெத்திலிடீன்ஹெக்சேன் ஆகிறது. மென்பொருள் காட்டும் பெயர் உங்கள் விடையோடு ஒத்துவராவிட்டால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகியுங்கள். தேர்வில் உங்கள் பாடநூலின் முறையையே எழுதுங்கள்.