பொம்மை ஏற்றுமதி: ஒரு நாட்டுச் சான்று மறுநாட்டுக்குப் போதாது

மரப் பொம்மைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புவோர், இந்தியச் சந்தைக்கான ஐஎஸ்ஐ முத்திரையே எங்கும் செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவுக்குச் செல்லும் பொம்மையை, அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில் ஏஎஸ்டிஎம் எஃப்963 என்னும் பொம்மைப் பாதுகாப்புத் தரத்தின்படி சோதிக்க வேண்டும். அந்த முடிவைக் கொண்டு இறக்குமதியாளர் சான்றிதழ் வழங்குவார். வண்ணப்பூச்சில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், பொருள் அங்குள்ள பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறியை எந்த அரசு அலுவலகமும் வழங்குவதில்லை; இஎன் 71 முதலிய பொம்மைப் பாதுகாப்புத் தரங்களுக்குப் பொம்மை பொருந்துவதை உறுதிசெய்து, தயாரிப்பாளரே பொறுப்பேற்று அதை இடுகிறார், தொழில்நுட்பக் கோப்பையும் 10 ஆண்டுகள் பாதுகாக்கிறார்.

பலரும் தடுமாறும் இடம் சிறு பாகச் சோதனைதான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான மரவண்டியைக் கீழே போட்டும் இழுத்தும் முறுக்கியும் பார்க்கும்போது, கழன்று விழும் சக்கர முளை 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்கினால், அந்தப் பொம்மை தேறாது. ஏனெனில் அது குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடிய அளவு. ஆகவே ஆய்வகக் கட்டணம் செலுத்துமுன் முளைகளின் பிடிப்பை நீங்களே இழுத்துப் பாருங்கள். சான்று பெற்றபின் பூச்சை மாற்றினால், மாறிய பூச்சை மீண்டும் சோதிக்க வேண்டும்.