பை மதிப்பைப் பேப்பரில் நாமே கண்டுபிடிக்கலாம்

கடலூர் சில்வர் பீச் ஈரமணலில் கயிறு கட்டி வட்டம் போட்டு, சுற்றளவை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள், அதுதான் பை (π), 3.1 வரை வந்தாலே பெரிய விஷயம், ஏனென்றால் கயிறு இழுபடும், மணல் சரியும். அதற்கு மேல் இலக்கம் வேண்டுமென்றால் அளப்பதை விட்டுவிட்டுக் கூட்டல் கழித்தலுக்கு வர வேண்டும்.

கேரளத்துக் கணித அறிஞர் மாதவர் வழியில் வரும் 4 × (1 − 1/3 + 1/5 − 1/7...) தொடர் அவ்வளவு அழகு, ஆனால் 500 உறுப்பு கூட்டினாலும் 3.1396தான் கிடைக்கும். கைக்கணக்குக்கு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் மச்சின் வழிதான் சரி. 1706இல் அவர் 100 இலக்கம் போட்டது இதை வைத்துத்தான்.

முதலில் 0.2 எழுதுங்கள். அதை 25ஆல் வகுத்தால் 0.008, மறுபடி வகுத்தால் 0.00032, இப்படி ஐந்து எண்கள். அப்புறம் வரிசையாக 1, 3, 5, 7, 9ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துப் போனால் 0.1973955616 வரும். இதை 16ஆல் பெருக்கி வையுங்கள்.

அடுத்து 1/239, அதிலிருந்து அதன் மும்மடியில் (1/239 × 1/239 × 1/239) மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 0.0041840760. இதன் 4 மடங்கை முன்னதிலிருந்து கழித்தால் 3.1415926816. முதல் ஏழு தசமம் அப்படியே சரி!

கடைசி இலக்கங்களை நம்ப வேண்டாம். எத்தனை இலக்கம் வேண்டுமோ அதைவிட மூன்று நான்கு கூடுதலாக வைத்தே எல்லா வகுத்தலையும் செய்யுங்கள், நான் முதல் தடவை இதை விட்டுவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தப்பைத் தேடினேன். 0.2இல் தொடங்கும் தொடரில் பத்து உறுப்பும் 1/239 தொடரில் மூன்று உறுப்பும் எடுத்தால் சுமார் 14 இலக்கம் சேரும்.