குட்டி யூஎஸ்பி திரையில் சிபியூ, ரேம், வெப்பநிலை: திறமூல மென்பொருளில் அமைப்பது எப்படி?

3.5 அங்குலம், 5 அங்குலம் என்ற அளவுகளில் யூஎஸ்பி கேபிளோடு வரும் குட்டித் திரைகளைப் பார்த்திருப்பீர்கள். கணினியில் செருகிவிட்டால் சிபியூ எவ்வளவு ஓடுகிறது, ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை டிகிரி சூட்டில் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். முழுத்திரையில் கேம் ஓடினாலும் சரி, வீடியோ ரெண்டர் ஆனாலும் சரி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

திரையோடு தயாரிப்பாளர் தரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கானது. அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வழியில்லை. நிர்வாகி அனுமதி வாங்கிக்கொண்டு கணினியின் சென்சார்களைப் படிக்கிற ஒரு நிரலின் மூலநிரல் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்டதைத்தான் திறமூல மென்பொருள் என்கிறோம். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட 'டூரிங் ஸ்மார்ட் ஸ்கிரீன் பைத்தான்' அந்த வகை. ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமத்தில், மூலநிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

முதலில் இந்தத் திரையைப் புரிந்துகொள்ளுங்கள்

பார்க்க மானிட்டர் மாதிரி இருந்தாலும், இயங்குதளத்தின் கண்ணுக்கு இது வெறும் சீரியல் போர்ட், அதாவது தரவை வரிசையாக ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பு. விண்டோஸில் டெவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'போர்ட்ஸ்' பகுதியில் காம் 3, காம் 4 என்று ஏதாவது ஒரு பெயரில் நிற்கும். டிஸ்ப்ளே அமைப்புகளில் தேடினால் கிடைக்காது. பிரௌசர் ஜன்னலை இழுத்துக்கொண்டுபோய் இதில் போடவும் முடியாது.

மென்பொருள்தான் படத்தை வரைந்து அந்த போர்ட் வழியாக அனுப்புகிறது. 3.5 அங்குலத் திரையில் 320க்கு 480 பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு முழுப்படம் 3,07,200 பைட். ஒவ்வொரு நொடியும் அவ்வளவையும் அனுப்புவது இந்த போர்ட்டுக்குப் பெரிய சுமை. அதனால் பின்னணிப் படம் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் போகும். அதன்பின் எண் மாறுகிற சின்னச் சின்னக் கட்டங்கள் மட்டும் போகும். தீம் (திரையில் எது எங்கே எப்படித் தெரிய வேண்டும் என்ற வடிவமைப்பு) செய்யும்போது இதைத் தெரிந்துவைத்திருப்பது உங்களுக்குக் கைகொடுக்கும்.

இன்னொன்று: ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்துவைத்திருக்க முடியும். தயாரிப்பாளரின் மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அதை முழுவதுமாக மூடிவிடுங்கள்.

நிறுவுதல்

விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது அதை 'பாத்'தில் (நிரல்களை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லும் கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். அப்புறம் கிட்ஹப் பக்கத்திலிருந்து ஜிப் கோப்பை இறக்கி விரித்து, அந்த ஃபோல்டருக்குள் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சிடும் ஜன்னல்) திறந்து, 'ரிக்வயர்மென்ட்ஸ்' என்ற உரைக்கோப்பில் உள்ள தொகுப்புகளை, பைத்தானின் நிறுவுகருவியான பிப் மூலம் நிறுவுங்கள். லினக்ஸில் இதற்கெனத் தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (தொகுப்புகளைத் தனியே வைக்கும் பைத்தான் ஃபோல்டர்) உருவாக்கிக்கொண்டால் கணினியின் சொந்த பைத்தானில் கை வைக்க வேண்டியதில்லை. அமைப்பு ஜன்னல் திறக்க 'டிகே' தொகுப்பும் தேவை. உபுண்டு, டெபியனில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம்.

லினக்ஸில் 'அனுமதி இல்லை' என்று பிழை வந்தால் பயப்படாதீர்கள். உபுண்டு, டெபியனில் உங்கள் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் 'யூயூசிபி'.

அமைத்தல்

'கான்ஃபிகர்' என்ற பைத்தான் கோப்பை ஓட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும். திரையின் மாடல், அளவு, போர்ட், தீம், வெளிச்சம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. போர்ட்டை 'ஆட்டோ'விலேயே விடுங்கள். மாடலில் மட்டும் கவனம் வேண்டும். 3.5 அங்குலத்திலேயே டூரிங், சுவான்ஃபாங் என்று வெவ்வேறு வகைகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் புரிந்துகொள்ளும் கட்டளைகள் வேறு. திரையில் எதுவும் வரவில்லை என்றாலோ, படம் தாறுமாறாக வந்தாலோ திரை கெட்டுப்போனதாக முடிவுகட்டாமல் அடுத்த மாடலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

திரை இன்னும் கையில் இல்லையா? மாடல் பட்டியலில் சிமுலேட்டட் (பாவனைத் திரை) வகையைத் தேர்ந்தெடுத்து மென்பொருளை ஓட்டுங்கள். உங்கள் பிரௌசரின் முகவரிப் பட்டையில் localhost:5678 என்று (லோக்கல்ஹோஸ்ட் என்பது உங்கள் கணினியையே குறிக்கும் பெயர்) அடித்தால் அதே படம் தெரியும். வாங்கும் முன் இதை அவசியம் ஓட்டிப் பாருங்கள் என்பேன்.

எல்லாம் தேர்ந்தெடுத்ததும் சேமித்துவிட்டு 'மெயின்' கோப்பை ஓட்டுங்கள். சில நொடிகளில் பின்னணி வரைந்து, எண்கள் நகரத் தொடங்கும்.

விண்டோஸில் வெப்பநிலை மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அனுமதிதான். அங்கே சென்சார்களைப் படிப்பது லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் என்ற மற்றொரு திறமூல நூலகம். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். டெர்மினலையே நிர்வாகியாகத் திறந்து ஓட்டுங்கள்.

தீமில் கை வைப்பது

'ரெஸ்' ஃபோல்டருக்குள் 'தீம்ஸ்' இருக்கிறது. பிடித்த ஒரு தீமின் ஃபோல்டரை நகலெடுத்துப் புதுப்பெயர் கொடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். உள்ளே பின்னணிப் படம் ஒன்றும், 'தீம்' என்ற யாமல் கோப்பும் (அமைப்புகளை எழுதிவைக்கும் ஒரு வகை உரைக்கோப்பு) இருக்கும். கோப்பில் சிபியூ என்ற தலைப்பின் கீழே எத்தனை நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், எண்ணின் எக்ஸ், ஒய் இடம், எழுத்துரு, அளவு, நிறம் என்று வரிசையாகப் பார்ப்பீர்கள். நிறம் 255, 255, 255 என்றால் வெள்ளை. அதை 255, 80, 0 என்று மாற்றிச் சேமித்தால் எண் ஆரஞ்சு ஆகிவிடும்.

அந்த வரிகளிலேயே பின்னணிப் படத்தின் பெயரும் இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். 47 என்ற எண் 52 ஆகும்போது, பழைய எண் இருந்த இடத்தின் பின்னணித் துண்டை வெட்டியெடுத்து அதன்மேல்தான் புது எண்ணை எழுதி அனுப்புகிறது மென்பொருள். படத்தின் பெயர் இல்லாவிட்டால் எண்ணுக்குப் பின்னால் ஒற்றை நிறப் பட்டைதான் தெரியும்.

யாமலில் வரியின் தொடக்க இடைவெளிக்குப் பொருள் உண்டு. டேப் விசையைத் தொடவே கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். ஒரு இடைவெளி பிசகினால் தீம் மொத்தமும் திறக்காது.

கூடவே வரும் தீம் எடிட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கோப்பைச் சேமித்ததும் முன்னோட்டம் தானாக மாறும், எக்ஸ், ஒய் எண்களை ஊகித்துத் தடவ வேண்டியதில்லை.

வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழேயே வையுங்கள். 3.5 அங்குல டூரிங் திரை அதிக வெளிச்சத்தில் நன்றாகவே சூடாகும்.

கணினி திறந்ததும் தானாக ஓட, விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரில் 'மெயின்' கோப்பைச் சேர்த்து, உள்நுழையும்போது ஓடும்படி வைத்து, உச்ச உரிமையோடு ஓட்டும் தெரிவை டிக் செய்யுங்கள். ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டால் நிர்வாகி உரிமை இல்லாமல் திறக்கும், வெப்பநிலை மறுபடி காணாமல் போய்விடும். லினக்ஸில் டெஸ்க்டாப்பின் தானியங்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கியிருந்தால் அதற்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுங்கள்.