நேர்மை எங்கே இருக்கிறது? நாம் வழுக்கும் இடங்கள்

மும்பை தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுவருவார் ஓர் அண்ணாச்சி. நான் கவனிக்காமல் கூடுதலாகக் கொடுத்துவிட்ட நூறு ரூபாயை, மறுநாள் தேடிவந்து தந்தார். அவரிடம் நான் பார்த்த நேர்மை, அவரோ வேறு எவருமோ இல்லாவிட்டாலும் தனியாக இருக்குமா? மாட்டுங்காவில் நண்பர்களோடு இதைப் பேசும்போதெல்லாம் அதே இடங்களில்தான் வழுக்குகிறோம்.

"தனியாக இருக்கிறதென்றால், எங்கே? காட்டு" என்பது முதல் தவறு. ஏழு என்ற எண்ணையும் யாராலும் காட்ட முடியாது. அதனால் ஏழு இல்லை என்று ஆகிவிடுமா?

அடுத்தது கொஞ்சம் நுட்பம். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் மாக்ஸ் ஷேலர், 1913-இல் வெளிவரத் தொடங்கிய தம் அறநூலில், நண்பன் துரோகம் செய்தாலும் நட்பின் மதிப்பு குறைவதில்லை என்றார். உண்மைதான். நாளைக்கே அண்ணாச்சி பணத்தை அமுக்கிக்கொண்டாலும் நேர்மைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் இதை வைத்து, நேர்மைக்கு யாருமே தேவையில்லை என்று முடிப்பது பெரிய தாவல். இந்த ஓட்டுநர் லீவு போட்டாலும் எங்கள் மும்பையின் பெஸ்ட் (BEST) நகரப் பஸ் ஓடும். ஓட்டுநரே இல்லாமல் ஓடுமா?

என்னை உண்மையிலேயே வருத்துவது மூன்றாவது. நல்லது என்பது தனி உலகில் இருக்கிறது என்றார் பிளேட்டோ. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் அதை ஏற்கவில்லை. நாமும் அரிஸ்டாட்டில் பக்கம் நின்று, நல்லது மனிதர்களிடமும் செயல்களிலும்தான் இருக்கிறது என்கிறோம். உடனே ஒருவர், "அப்போ அவரவர் இஷ்டம்தான்" என்று எழுந்துவிடுகிறார். அப்படியில்லை. உடல் இல்லாமல் ஆரோக்கியம் இல்லை. ஆனால் சர்க்கரை ஏறிக்கிடப்பவர் "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொன்னால் சர்க்கரை இறங்கிவிடாது. எதில் தங்கியிருக்கிறது என்பது ஒரு கேள்வி, யாருடைய நினைப்பைப் பொறுத்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பித்தான் எத்தனையோ நல்ல பேச்சு பாதியில் நின்றுபோகிறது.

அப்புறம், செம்பூரில் இன்னொருவர் அதே சூழலில், அதே எண்ணத்தோடு பணத்தைத் திருப்பித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி செய்தது நல்லது, இவர் செய்தது இல்லை என்று சொல்ல முடியாது. இதை, நேர்மை தனியாகவே இருக்கிறது என்ற தங்கள் கட்சிக்குச் சான்றாகச் சிலர் எடுத்து வீசுகிறார்கள். ஆனால் அது மனிதர்களிடம்தான் இருக்கிறது என்னும் எதிர்த்தரப்பும் இதை ஒப்புக்கொள்கிறதே.