வழவழப்பான ஹை கெயின் ஆம்ப் வேண்டுமா? ஸ்பீக்கர் முன்னால் குத்தவைத்து உட்காருங்கள்

கிதாரை ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) சொருகி, கெயினை, அதாவது உள்ளே சமிக்ஞையைப் பெருக்குகிற குமிழை, ஏற்றி, மூன்றாவது கம்பியில் 12ஆவது ஃபிரெட்டை அழுத்தி ஒரே ஒரு முறை மீட்டுங்கள். விரலை எடுக்க வேண்டாம். வேண்டுமானால் லேசாக அசைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மறுபடி மீட்டக் கூடாது. அந்த ஸ்வரம் எப்படிச் சாகிறது என்று கேளுங்கள். நல்ல ஆம்பில் அது தைலதாரை மாதிரி ஒழுகிக்கொண்டே போய், தேய்ந்து, சில சமயம் ஒரு ஸ்தாயி மேலே பூத்துவிட்டு அடங்கும். சரியில்லாத ஆம்பில் கடைசி இரண்டு விநாடி அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் மிஞ்சும். மீட்டுகிற நொடியில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும், அடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கடையில் யாரும் இதைச் செய்வதில்லை. கெயின் 10, பேஸ் 10, மிட் பூஜ்யம், நாலு பவர் கார்டு, "மச்சான் செமயா இருக்கு", பில் போடு. நானும் அப்படித்தான் என் முதல் ட்யூப் ஆம்பை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடுவது) வாங்கினேன், ஒன்பது மாதத்தில் விற்றேன். அதில் ஆம்ப் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், ஒன்று ஏன் வழவழ, இன்னொன்று ஏன் கொரகொர என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஹை கெயின் ஆம்ப் என்றால் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன ட்யூப்களை வரிசையாக நிறுத்தி, ஒன்று பெருக்கியதை அடுத்ததின் தலையில் ஊற்றுவது. ஒரு 12ஏஎக்ஸ்7-இன் பெருக்க எண் 100, நடைமுறையில் சர்க்யூட்டில் அவ்வளவு வராது என்றாலும், மூன்று நான்கு கட்டம் சேர்ந்தால் சமிக்ஞை நசுங்கத்தான் செய்யும். சூட்சுமம் எவ்வளவு நசுங்குகிறது என்பதில் இல்லை, நசுங்குவதற்கு முன்னால் எதை வெட்டி எறிந்தார்கள், நசுங்கிய பின்னால் எதைத் தடவிக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அடித்தொண்டையை அப்படியே உள்ளே விட்டு நசுக்கினால் சேறு. அதனால் நல்ல வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் சின்னக் கெப்பாசிட்டரைப் போட்டு பேஸை முன்கூட்டியே குறைத்துவிடுவார்கள். அதேபோல் நசுங்கும்போது உச்சத்தில் புதிதாக முளைக்கிற கூரான ஹார்மானிக்ஸை அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் கொஞ்சம் மழுக்குவார்கள். முன்னால் பேஸை வெட்டு, பின்னால் கூரை மழுக்கு. வழவழப்பு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைதான்.

இந்த விஷயத்தில் ஒரு அளவுகோல் வேண்டும் என்றால் சோல்டானோ எஸ்எல்ஓ-100. அமெரிக்காவில் மைக் சோல்டானோ 1987-இல் கொண்டுவந்தது, கிதாரிஸ்ட்கள் எரிக் கிளாப்டனும் மார்க் நாஃப்ளரும் அதை வாங்கிய பிறகு பெயர் பரவியது. மெட்டல் பக்கமே போகாத இந்த இருவருக்கும் அது பிடித்திருந்தது என்பதிலேயே விஷயம் தெரிகிறது. உள்ளே ஒரு கட்டத்தில் கேத்தோடு ரெசிஸ்டர் (ட்யூப் எவ்வளவு திறந்து நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது) 39 கிலோஓம். மார்ஷல் ஜேசிஎம்800-இல் அதே மாதிரி இடத்தில் 10 கிலோஓம்தான். ரெசிஸ்டர் பெரிதாகும்போது அந்த ட்யூப் ஏறக்குறைய அணைந்த நிலையில் நிற்கும், அலையின் ஒரு பக்கம் மட்டும் முன்னதாகவே வெட்டுப்படும். இப்படி ஒரு எண்ணை மட்டும் பார்த்து டோனைச் சொல்லிவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெஸா பூகி நிறுவனத்தின் ரெக்டிஃபையர் ஆம்பின் சர்க்யூட் எஸ்எல்ஓவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி, ஆனால் வாசித்துப் பார்த்தால் குணமே வேறு, ரெக்டிஃபையரின் அடிப்பக்கம் தளர்ந்து பரவும். 1992-இல் ராக் கிதாரிஸ்ட் எட்டி வான் ஹேலனுக்காக வந்த பீவி 5150-உம் அதே தலைமுறைதான், ஆனால் அது கடிக்கும். கடி வேண்டும் என்றால் அதை வாங்குங்கள், வழவழப்புக்கு வேண்டாம்.

இன்னொரு பரம்பரை மெஸா பூகியின் மார்க் வரிசை, கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் ஆரம்பித்தது. கிதாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சியின் லீட் (தனி வாசிப்பு) ஒலி பிடிக்கும் என்றால் உங்கள் தேடல் இங்கேதான் முடியும். என் கட்சியும் இதுதான். ஆனால் இதை வாங்குகிறவர்களில் பலர் ஒரே மாதத்தில் "சவசவ என்று இருக்கிறது" என்று விற்பனைக்குப் போடுகிறார்கள், காரணம் பேஸ் குமிழ்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெரும்பாலான ஹை கெயின் ஆம்ப்களில் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு, அதாவது மேலே சொன்ன நசுங்கலுக்கு, பின்னால் வருகின்றன. சமைத்து முடித்த குழம்பில் உப்புப் போடுவது போல, ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். மார்க் வரிசையில் அவை டிஸ்டார்ஷனுக்கு முன்னால். அங்கே பேஸை 6-இல் வைத்தால் அந்த பேஸ் முழுவதும் உள்ளே போய் நசுங்கி, வெளியே வரும்போது ஈரச்சாக்கு. எனவே பேஸை 2-க்குக் கீழே, சிலர் பூஜ்யத்திலேயே வைக்கிறார்கள். ட்ரெபிள் 7 அல்லது 8. அது உள்ளே போகிற கெயினையும் சேர்த்தே ஏற்றுகிறது. இப்படி வைத்துக் கேட்டால் ஒல்லியாக, மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், பயப்படாதீர்கள். இப்போது முன்பக்கத்தில் இருக்கும் ஐந்து ஸ்லைடர்களுக்கு வாருங்கள்: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். இவை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருப்பவை. 80-ஐ ஏற்றினால் வயிறு வரும். 750-ஐக் கொஞ்சம் இறக்கினால் மூக்கடைப்பு போகும், ரொம்ப இறக்கினால் டிரம்ஸ் வந்ததும் நீங்கள் காணாமல் போவீர்கள். 6600-ஐ நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே விட்டால் ஈ மொய்க்கிற சத்தம் அடங்கும். கடையில் மார்க் ஆம்பைச் சோதிக்கும்போது எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஜெர்மானியர்கள் தனி ரகம். டீசல் விஎச்4 நான்கு சேனல், எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருக்கும், வாசிப்பில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் அதையும் பளபளப்பாக்கிக் காட்டும். ஜெர்மனியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன ரைன்ஹோல்ட் போக்னரின் எக்ஸ்டஸி அதைவிடச் சதைப்பிடிப்பானது, என் காதுக்கு. இதெல்லாம் லட்சங்களில் போகிற சமாச்சாரம். பட்ஜெட் குறைவென்றால் சோல்டானோவின் 30 வாட் எஸ்எல்ஓ, அதற்கும் கீழே அவர் வடிவமைத்துக் கொடுத்த ஜெட் சிட்டி ஆம்ப்கள் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள்.

அப்புறம் வாட். 100 வாட் 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் என்று நினைத்தால் தப்பு, வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் வீட்டுக்காக என்று 100-க்குப் பதில் 50 வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர் வரத்தான் செய்வார். வாட்டைவிட மாஸ்டர் வால்யூமை (மொத்தச் சத்தத்தின் குமிழ்) எவ்வளவு தாழ்த்தியும் டோன் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் ட்யூப்பில் 6எல்6 கொஞ்சம் அகலமாக, நிதானமாக இருக்கும், இஎல்34 நடுப்பகுதியை முன்னால் தள்ளும், இரண்டிலும் வழவழப்பான ஆம்ப்கள் உண்டு, இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது என் முதல் ஆம்ப் கதை. கடையில் நின்றுகொண்டே வாசித்தேன், ஆம்ப் தரையில், ஸ்பீக்கர் என் முழங்கால் உயரத்தில். அவ்வளவு இனிமையாக இருந்தது. வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்தால் காதில் ஊசி குத்துகிறது. மாதக்கணக்கில் ட்யூப் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், பிக்கப்கூட மாற்றினேன். விஷயம் என்னவென்றால், 12 அங்குல ஸ்பீக்கர் உயர்ந்த அதிர்வெண்களை டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் அனுப்புகிறது. நான் கடையில் கேட்டது வெளிச்சத்துக்கு வெளியே நின்று, மைக் கேட்டது வெளிச்சத்துக்கு நடுவில். எனவே சங்கடப்படாமல் கடையில் ஸ்பீக்கருக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்து, காதை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். (மிக அருகில் வேண்டாம், காது பத்திரம்.) அங்கேயும் இனிமையாக இருந்தால் அது உண்மையான இனிமை.

ஸ்பீக்கரை நான் ஆம்பைவிட முன்னால் வைப்பேன். செலஸ்டியன் விண்டேஜ் 30, 60 வாட், பல கேப்களில் (ஸ்பீக்கர் பெட்டிகளில்) இருப்பது, 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது, பேண்டில் வெட்டிக்கொண்டு வெளியே வர அது உதவும், ஆனால் வழவழப்பு தேடுகிறவருக்கு அந்த மேடு பல சமயம் முள். அதே நிறுவனத்தின் கிரீன்பேக் 25 வாட், உச்சி மென்மையாக இருக்கும், ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் 50 வாட் ஆம்பைச் சொருகினால் கருகும், நான்கு சேர்ந்த கேப் என்றால் 100 வாட் தாங்கும். 65 வாட் கிரீம்பேக் இதற்கு நடுவழி. இலெக்ட்ரோ-வாய்ஸ் இவிஎம்12எல் 200 வாட், தூக்கினால் முதுகு போகும், லீட் ஒலிக்கு அது தரும் உருண்டையை வேறு எதிலும் நான் கேட்டதில்லை. உங்களிடம் இப்போது இருக்கும் ஆம்பே கொரகொர என்று இருந்தால் புதிது வாங்குமுன் ஒரு நண்பரின் கேபில் சொருகிப் பாருங்கள், செலவு மிச்சமாகலாம். இன்னொரு மலிவான வழி, இன்புட் ஜாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு 5751 போடுவது. பெருக்க எண் 70 சுமார், சர்க்யூட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, கெயின் கொஞ்சம் இறங்கி முரடு தணியும்.

சோதிக்கும்போது உங்கள் கிதாரையும் கேபிளையும் எடுத்துப் போங்கள், கடைக் கிதாரில் வேண்டாம். முதலில் சொன்ன ஒற்றை ஸ்வரம். பிறகு கெயினை 5-க்கு இறக்கி ஈ மேஜர் முழுக் கார்டு, ஆறு கம்பியும்: தனித்தனியாகக் காதில் விழுகிறதா, கஞ்சியாகிவிட்டதா? பிறகு கிதார் வால்யூமை 6-க்கு இறக்குங்கள், நல்ல ஆம்ப் தெளிந்துகொண்டே வரும், சுமாரானது போர்வை போர்த்திக்கொள்ளும். கெயின் 8-க்கு மேல் போனால்தான் பிடிக்கிறது என்றால் அந்த ஆம்ப் உங்களுக்கானது அல்ல. ஆல்பங்களில் கேட்கும் அந்தப் பெரிய சத்தம் பெரும்பாலும் குறைந்த கெயினில் இரண்டு நான்கு முறை வாசித்து அடுக்கியது, ஒரே ஆம்பில் ஒரே வாசிப்பில் அதைத் தேடினால் கிடைக்காது. அடிப்பக்கம் தளர்வாக இருந்தால் ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு பெடல், டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, ஆம்புக்கு முன்னால். அது பேஸை வெட்டி 720 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிவிடும், மேலே சொன்ன 'முன்னால் வெட்டு' வேலையேதான்.

எஃபெக்ட்ஸ் லூப் (டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் பெடல் சொருகும் ஜாக்குகள்) இல்லாத ஆம்பை வாங்காதீர்கள். பாலிஷ் போட்டாற்போன்ற லீட் என்று நாம் மயங்குவதில் கணிசமான பங்கு லூப்பில் போட்ட 350-400 மில்லிவிநாடி டிலேவுக்குச் சொந்தம். அதே டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போட்டால் எதிரொலியும் சேர்ந்து நசுங்கிக் கூழாகும்.

மாடலர், அதாவது ஆம்பின் ஒலியை டிஜிட்டலாக நகலெடுப்பது, பற்றிக் கேட்பீர்கள். ஹெட்ஃபோனில் மட்டும் வாசிப்பவர் என்றால் ட்யூப் ஆம்பே வேண்டாம், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலரே போதும், தைரியமாக வாங்காமல் இருங்கள். ட்யூப் ஆம்பை லோட் பாக்ஸில் (ஸ்பீக்கருக்குப் பதில் ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) போட்டு வாசிப்பதும் நல்ல வழி, ஆனால் 8 ஓம் ஜாக்கில் 8 ஓம் லோட், 16-இல் 16. ஸ்பீக்கரோ லோடோ சொருகாமல் ட்யூப் ஆம்பை ஒருபோதும் வாசிக்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதுதான் உள்ளே இருப்பதிலேயே விலை உயர்ந்த சாமான்களில் ஒன்று.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு பென்சில் கொண்டுபோங்கள். ஆம்ப் ஓடும்போது அதன் மரமுனையால் சின்ன ட்யூப்களை மெதுவாகத் தட்டினால், முதல் ட்யூப்பில் லேசாக டொக் என்று கேட்பது சகஜம், மணியடித்து ஊளையிட்டால் அந்த ட்யூப் போய்விட்டது, விலையில் கழித்துக்கொள்ளலாம். சேசிஸைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்டுக்கு மேல் நிற்கலாம்.

கடைசியாக, அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது தூக்கி வருகிறார் என்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சில ஆம்ப்களில் மாற்றிக்கொள்ள சுவிட்சோ உள்ளே வயரிங்கோ இருக்கும், இல்லையென்றால் தாராளமான வாட் உள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எங்கள் பேண்டில் ஒருவர் பிளக் அடாப்டர் மாட்டினால் போதும் என்று நினைத்து நேராகச் சொருகினார். நல்லவேளை ஃபியூஸ் முந்திக்கொண்டது, அந்த நாற்றம் மட்டும் ரிகர்சல் அறையில் மூன்று நாள் இருந்தது.