லாயத்துக் குதிரைக்குத் துணை சேர்க்கும்போது நேரும் தவறுகள்

லாயத்திலேயே நாளைக் கழிக்கும் குதிரைகளிடம் சில தொல்லையான பழக்கங்கள் படிவதைக் குதிரை வளர்ப்போர் அறிவர். சில குதிரைகள் மரச்சட்டத்தை முன்பற்களால் கவ்வி, கழுத்தை வளைத்து, உறுமலோடு காற்றை உள்ளிழுக்கும். சில, கதவருகே நின்று தலையை இடமும் வலமுமாக ஓயாமல் ஆட்டும். வேறு சில, சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்து தரையையே குழியாக்கிவிடும். இவற்றைப் பார்த்ததும் பலரும் சொல்லும் யோசனை, ஓர் ஆட்டைக் கொண்டுவந்து உடன் கட்டலாம் என்பதாகும். ஆட்டால் அமைதியடைந்த குதிரைகள் உண்டுதான்; ஆயினும் பழக்கத்துக்குக் காரணம் என்னவென்று பாராமல் துணையைத் தேடிப் புறப்படுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

குதிரை மந்தையாக வாழும் விலங்கு. திறந்த வெளியில் விட்டால் நாளில் சுமார் 16 மணி நேரம் மேய்ந்தபடியே நடக்கும். அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் சுரக்கிறது. இரண்டு வேளை கொள்ளும் ஓட்ஸும் வைத்துப் புல்லைக் குறைத்துவிட்டால், சிறிது நேரத்தில் தீனி தீர்ந்து, மீதிப் பொழுதெல்லாம் வாய்க்கு வேலையில்லாமல் போய்விடும். பிரிட்டனில் பந்தயக் குதிரைகளைப் பற்றி 1995இல் வெளியான ஆய்வொன்று, நாளுக்கு 6.8 கிலோவுக்குக் குறைவாகப் புல் பெற்றவற்றிடமும், பக்கத்துக் குதிரையோடு தொடர்பில்லாதபடி அமைந்த லாயங்களில் நின்றவற்றிடமும் இத்தகைய பழக்கங்கள் மிகுதி என்று கண்டது. ஆக, கட்டையைக் கவ்வும் குதிரைக்கு முதலில் சரிசெய்ய வேண்டியது தீனித்தொட்டி. தலையாட்டும் குதிரைக்கோ தனிமையைப் போக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆட்டை மருந்தாக நம்புவது வீண்.

குதிரைக்குச் சிறந்த துணை இன்னொரு குதிரையே. அமெரிக்கப் பந்தயக் குதிரையான சீபிஸ்கட் 1936இல் புதிய பயிற்சியாளர் டாம் ஸ்மித்திடம் வந்தபோது, அறைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் விட்ட ஆட்டை அது பல்லால் கவ்வி உலுக்கிக் கதவுக்கு வெளியே போட்டுவிட்டதாம். பிறகு இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்து, பம்ப்கின் என்ற நிதானமான குதிரையை அருகில் வைத்த பிறகுதான் அது அடங்கியது. இரண்டாவது குதிரைக்கு வசதியில்லாதவர்கள், அடுத்த குதிரையின் முகம் தெரியும்படி சுவரில் திறப்பு வைக்கலாம். உடையாத அக்ரிலிக்கால் ஆன முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டியதும் தலையாட்டல் வெகுவாகக் குறைந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் தன் பிம்பத்தின் மேல் பாயும் குதிரையும் உண்டு என்பதால், தொடக்க நாட்களில் கவனித்துப் பார்க்க வேண்டும்.

கட்டை கவ்வும் குதிரையைப் பார்த்து மற்றவையும் கற்றுக்கொள்ளும் என்று அஞ்சி, அதைக் கடைசி அறையில் ஒதுக்கி வைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படிப் பரவுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஒதுக்குவதால் அதன் மனக்கலக்கம்தான் கூடும். கவ்வ விடாமல் கழுத்தை இறுக்கும் பட்டை போட்டு அடக்குவதும் இந்த வகைதான்: கழற்றியவுடன் குதிரை முன்னிலும் அதிகமாகக் கவ்வத் தொடங்கும்.

உயிருக்கே ஆபத்தான தவறு தீனி விஷயத்தில் நேர்கிறது. கோழித்தீவனத்திலும் சில கால்நடைத் தீவனங்களிலும் கலக்கப்படும் மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் சிறிதளவே குதிரையின் வயிற்றுக்குள் போனாலும் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். ஆட்டுக்கு வைத்த வாளியில் குதிரை வாய் வைக்க எத்தனை நொடி ஆகும்? மூட்டையின் சீட்டைப் படிக்காமல் எதையும் லாயத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மறுபுறம், குதிரையின் தானியத்தை ஆடு வயிறுமுட்டத் தின்றால் வயிறு உப்பி, அமிலம் மிகுந்து சாகக்கூடும். செம்பு கலந்த குதிரைத் தீவனம் செம்மறிக்கு நஞ்சு. எனவே ஆடு நுழைந்து வெளியேறக் கூடிய, குதிரை நுழைய முடியாத தடுப்பு ஒன்று அமைத்து, இரண்டுக்கும் தனித்தனியாகத் தீனி வைக்க வேண்டும். குதிரை உதைக்க வரும்போது ஆடு ஒதுங்கவும் அதுவே இடம். கொம்புள்ள ஆட்டையும், குதிரையின் காலில் சிக்கும்படி கயிற்றில் கட்டிய ஆட்டையும் தவிர்ப்பது நல்லது.

துணைக்கென்று ஒரு கழுதையைச் சந்தையிலிருந்து நேராக லாயத்துக்கு ஓட்டி வருவது இன்னொரு பிழை. தன்னிடம் எந்த நோய்க்குறியும் காட்டாமலே நுரையீரல் புழுவைக் குதிரைக்குக் கடத்தக் கூடியது கழுதை. மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயும் அதனிடம் இருக்கலாம். நோய் உறுதியானால் இந்தியாவில் அந்த விலங்கைச் சட்டப்படி கொல்ல வேண்டும். புதிதாக வந்ததைச் சில வாரங்கள் தனியே வைத்து, கால்நடை மருத்துவர் மூலம் இரத்தப் பரிசோதனையும் சாணப் பரிசோதனையும் முடித்த பின், தடுப்புக்கு இருபுறமும் நிறுத்தி மெல்லப் பழக்கலாம்.

நன்கு பழகிய துணையும் புதிய சிக்கலைத் தரும். ஒன்றை வெளியே அழைத்துச் சென்றால் மற்றது கத்தி, வியர்த்து, கதவை உதைக்கும். ஆகவே தொடக்கம் முதலே சில நிமிடங்கள் பிரித்து, புல்லைக் கொடுத்து, திரும்பச் சேர்த்துப் பழக்க வேண்டும். முடிந்தால் மூன்றாவது விலங்கு ஒன்று இருப்பது நல்லது. கழுதையிடம் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், ஏனெனில் துணையை இழந்த கழுதை தீனியை நிறுத்தினால் இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அது ஒரு வேளைத் தீனியை மறுத்தாலே மருத்துவரை அழைத்துவிட வேண்டும்.